அம்மாவின் முட்டிக்கும் அப்பாவின் பாதத்துக்கும் ஒரே சிவப்பு விளக்கா?

தம்பி, குடியாத்தத்திலிருந்து நீங்கள் எழுதிக் கேட்டிருந்ததை இரண்டு முறை படித்தேன். கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் இலவச முகாம் போட்டு, அம்மாவையும் அப்பாவையும் ஒரு சிவப்பு விளக்குப் பலகை முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை, பாதம் மரத்துப்போய் இரண்டு வருஷமாகிறது, கட்டை விரலுக்கு அடியில் சின்னதாக ஒரு புண். முட்டி, புண், தங்கையின் முடி கொட்டுவது எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும், சர்க்கரையும் இறங்கும் என்று சொல்லி 28,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

வேலூரில் இருபத்திரண்டு வருஷமாக பிசியோதெரபி செய்கிறேன். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் புண் மேல் எந்த விளக்கையும் காட்டாதீர்கள், நாளைக்கே அந்தப் பாதத்தை ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

சிவப்பு ஒளிக்கு உடம்பில் வேலையே இல்லை, எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். இன்று ராத்திரி கரண்ட் போகும்போது ஒன்று செய்து பாருங்கள். செல்போன் டார்ச்சைப் போட்டு அதன் மேல் விரலை அழுத்தி வையுங்கள். டார்ச் வெள்ளை வெளிச்சம்தான், ஆனால் விரலைத் தாண்டி வருவது சிவப்பு மட்டும். நீலத்தையும் பச்சையையும் ரத்தமும் தோலும் குடித்துவிடுகின்றன. சிவப்பு கொஞ்சம் உள்ளே போகிறது. அதற்கு அடுத்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அண்மை அகச்சிவப்பு இன்னும் கொஞ்சம் ஆழம் போகிறது. இந்தச் சிகிச்சைக்கு 630 முதல் 660 நானோமீட்டர் (ஒளியின் நிறத்தைப் பிரித்துச் சொல்லும் அலைநீள அளவு) வரையுள்ள சிவப்பையும், 810 முதல் 850 வரையுள்ள அகச்சிவப்பையும் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது அதனால்தான்.

உள்ளே போன ஒளி என்ன செய்கிறது? நம் செல்களுக்குள் சக்தியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. நாம் இழுக்கும் மூச்சுக் காற்றின் ஆக்சிஜன் கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான். அது இந்த ஒளியை உறிஞ்சுகிறது, அதனால் செல் ஏ.டி.பி. என்னும் எரிபொருளைக் கூடுதலாகத் தயாரிக்கிறது, வீக்கத்தைத் தூண்டும் ரசாயனங்கள் குறைகின்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ரஷ்ய விஞ்ஞானி தீனா காரு இதைப் பல வருஷம் ஆராய்ந்தார். முழு விளக்கம் இதுதானா என்று ஆய்வாளர்களிடையே வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் செல்லில் ஏதோ ஒரு மாற்றம் நடக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இது தொடங்கியதே ஒரு தற்செயல். 1967-இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் ரூபி லேசர் எலிகளுக்குப் புற்றுநோயைத் தருமா என்று பார்க்க, அவற்றின் முதுகை மழித்து ஒளியைக் காட்டினார். அவருடைய லேசர் வலு குறைந்தது. எலிகளுக்குப் புற்றுநோய் வரவில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரமாக வளர்ந்திருந்தது. அதன் பிறகு அவர் ஆறாத புண்களில் இதை முயன்றார். 1990-களில் நாசா, விண்வெளியில் செடி வளர்க்க சிவப்பு எல்.இ.டி. விளக்குகளைப் பயன்படுத்தியது. அந்த விளக்குகளை விஸ்கான்சினில் ஹாரி வீலன் என்ற மருத்துவர் புண் ஆற்றும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். முகாமில் "நாசா கண்டுபிடிப்பு" என்று சொல்லியிருப்பார்களே, அதன் வேர் இவ்வளவுதான்.

இதில் ஒளி வேறு, சூடு வேறு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பல பிசியோதெரபி கிளினிக்குகளில் ஸ்டாண்டில் மாட்டிய பெரிய சிவப்பு பல்பு ஒன்று இருக்கும், ஐ.ஆர். (அகச்சிவப்பு) லைட் என்போம். மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிறது. அது சூடு கொடுக்கும் விளக்கு. தவிட்டு மூட்டை கட்டி ஒத்தடம் கொடுப்பதற்கும் அதற்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் இல்லை. தசை இளகும், ரத்த ஓட்டம் கூடும், வலி கொஞ்ச நேரம் அடங்கும். நான் இப்போது பேசும் ஒளிச் சிகிச்சை சூட்டை நம்பி இல்லை. சரியான அளவில் கொடுத்தால் தோல் சுடாது. பார்வைக்குச் சிவப்பாக இருப்பதால் இரண்டையும் மக்கள் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள், விற்பவர்களும் அதைத் திருத்துவதில்லை. அம்மாவுக்கு முகாமில் கிடைத்த சுகம் எதனால் வந்தது என்று இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது. பலகை நெருக்கத்தில் சூடும் கொடுத்திருக்கும். அரை மணி நேரம் பீடி சுற்றும் முறத்தை மடியிலிருந்து இறக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

போன வருஷம் காட்பாடியிலிருந்து ஒருவர் புதுப் பலகை ஒன்றை அட்டைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார். "பாதி பல்பு எரியவே இல்லைங்க, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். போட்டுப் பார்த்தேன். ஒன்று விட்டு ஒன்று நல்ல சிவப்பாக எரிந்தது, மற்றவை அணைந்த மாதிரி மங்கலாக இருந்தன. செல்போனின் முன்பக்கக் கேமராவைத் திருப்பி அவருக்குக் காட்டினேன். கண்ணுக்கு அணைந்திருந்த பல்புகள் எல்லாம் திரையில் ஊதாவும் வெள்ளையுமாக ஜொலித்தன. அவை 850 நானோமீட்டர் பல்புகள், நம் கண்ணுக்கு அந்த ஒளி சரியாகத் தெரியாது. அவர் சிரித்துவிட்டார். ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வெளிச்சம் தெரியவில்லை என்று கண்ணைச் சுருக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்போம், அந்த ஒளி விழித்திரையில் விழும். பலகை முன் உட்காரும்போது கண்ணுக்கு இந்த ஒளியைத் தடுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அடுத்தது அளவு. மாத்திரைக்கு மில்லிகிராம் மாதிரி இதற்கு ஜூல். ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் 50 மில்லிவாட் விழுந்தால் 100 விநாடியில் 5 ஜூல் சேரும். குறைந்தால் பலன் இல்லை, கூடினாலும் பலன் குறையும். இரட்டிப்பு நேரம் உட்கார்ந்தால் இரட்டிப்பு குணம் என்ற கணக்கு இங்கே செல்லாது. பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும் வீட்டில் பிறந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களைப் பல கம்பெனிகள் சோலார் மீட்டரால் அளந்து போடுகின்றன. அந்த மீட்டர் வெயிலை அளக்கச் செய்தது, இந்த விளக்கில் வைத்தால் உள்ளதைவிட மிக அதிகமாகக் காட்டும். தூரம் கொஞ்சம் மாறினாலும் அளவு மாறும். முகாமில் உங்களிடம் அலைநீளம், தூரம், நிமிஷம் மூன்றையும் யாராவது எழுதிக் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை என்றால் அதற்கு மருந்து என்று பெயர் வைக்க முடியாது.

சரி, அம்மாவின் முட்டிக்கு வருவோம். இங்கே எனக்கு நம்பிக்கை உண்டு. 2019-இல் முட்டித் தேய்மானத்துக்கான லேசர் ஆய்வுகள் பலவற்றை ஒன்றுசேர்த்து அலசிய ஒரு கட்டுரை வந்தது. 785 முதல் 860 நானோமீட்டர் வரையுள்ள லேசரில் ஒரு புள்ளிக்கு 4 முதல் 8 ஜூல் கொடுத்தவர்களுக்கு வலி குறைந்தது, நடமாட்டம் தேறியது. அளவு குறைவாகக் கொடுத்த ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. கழுத்து வலிக்கும் 2009-இல் 820 நோயாளிகளைக் கொண்ட ஆய்வுகளைத் தொகுத்து வந்த கட்டுரை நல்ல பலனைக் காட்டியது. ஆனால் இவை முட்டியின் மேல் லேசர் முனையை ஒட்டவைத்து, புள்ளி புள்ளியாகக் கொடுத்த சிகிச்சை. ஒரு அடி தள்ளி நிற்கும் பலகை அதே அளவை அதே இடத்தில் போட்டுவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

அதைவிட முக்கியமானது ஒன்று. அம்மா எத்தனை வருஷமாக பீடி சுற்றுகிறார்? முப்பது வருஷம் என்று எழுதியிருந்தீர்கள். குடியாத்தம் பக்கத்துப் பெண்கள் என்னிடம் நிறைய பேர் வருகிறார்கள். சம்மணம் போட்டு, மடியில் முறம், தலை குனிந்தபடி, காலை சமையல் முடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை. முட்டி மடங்கியே இருக்கிறது, தொடைத் தசை வேலையில்லாமல் இளைத்துவிடுகிறது. அந்தத் தசைதான் முட்டியைத் தாங்கவேண்டிய தூண். அம்மாவைப் பாயில் கால் நீட்டி உட்காரச் சொல்லுங்கள். முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தச் சொல்லி உங்கள் கையைத் தொடையின் மேல் வையுங்கள். கல் மாதிரி இறுக வேண்டும். அம்மாவுக்கு அநேகமாக இறுகாது, தளதளவென்று இருக்கும். அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது, ஒரு வேளைக்கு பதினைந்து முறை, காலையும் மாலையும். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து எதிரே ஒரு பலகையோ ஸ்டூலோ போட்டு, அதன் மேல் முறத்தை வைத்துச் சுற்றட்டும். முதல் வாரம் கை ஓடாது, கட்டு குறையும், கூலியும் குறையும். அது எனக்குத் தெரியும். ஆனால் பழகிவிடுகிறார்கள், என்னிடம் வந்தவர்களில் பலர் பழகியிருக்கிறார்கள்.

இதோடு சேர்த்து மூன்று நாலு வாரம் கிளினிக்கில் லேசர் கொடுத்துப் பார்க்கலாம், தப்பே இல்லை. வலி கொஞ்சம் அடங்கினால் உடற்பயிற்சி செய்ய மனசு வரும். எனக்கு அந்த லேசரின் பெரிய உபயோகமே அதுதான்.

இனி அப்பா. இதை எழுதும்போது எனக்கு ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். பேரணாம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர், ஐம்பது வயது தாண்டியவர், பத்து வருஷச் சர்க்கரை. மார்கழிக் குளிரில் கால் சில்லென்று இருக்கிறது என்று சிவப்பு ஐ.ஆர். பல்பு ஒன்றை வாங்கி ராத்திரியில் பாதத்துக்குக் காட்டியிருக்கிறார். இரண்டடி தள்ளி வைக்கச் சொல்லியிருந்தார்கள். என்னிடம் வந்தபோது இரண்டாம் விரலின் மேல் புளியங்கொட்டை அளவில் கொப்புளம், சுற்றிலும் தோல் வெளுத்திருந்தது. "சூடே தெரியலைங்க சார், அதனாலதான் பக்கத்துல இழுத்து வச்சேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம் இத்தனை வருஷமாகியும் என் காதில் நிற்கிறது. அவருக்கு நடக்கும்போது வலி இல்லை, செருப்பு போட்டுக்கொண்டு பஸ் பிடித்து வந்திருந்தார். சீழ் எலும்பு வரை போயிருந்தது. விரலை எடுக்கவேண்டி வந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாடம் புதிதில்லை. பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, காரணம் வலி தெரியாமல் போனதுதான் என்று இங்கேதான் கண்டு சொன்னார். வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், கல் குத்தினாலும் அதே காலில் நடக்கிறார்கள், காயத்தின் மேல் காயம் சேர்ந்து விரல் போகிறது. வேலூர் பக்கத்துக் கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையில் இந்த அறிவு வளர்ந்தது. மரத்துப்போன பாதத்துக்காக மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த செருப்பு, எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்குகிறார்களே, அது தொழுநோயாளிகளுக்காக இந்தப் பக்கத்தில் உழைத்து உருவாக்கியது. சர்க்கரையால் மரத்த பாதத்துக்கும் கதை அதேதான்.

அப்பாவின் புண் கட்டை விரலுக்கு அடியில் இருக்கிறது என்றால், ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரம் அந்த இடத்தில் விழுகிறது. அந்தப் பாரத்தை எடுக்காமல் மேலே எந்த ஒளியைக் காட்டினாலும், எந்த மருந்தைப் போட்டாலும் புண் மூடாது. புண்ணைச் சுற்றித் தடித்திருக்கும் தோலைச் சீவி எடுக்க வேண்டும், சீழ் இருக்கிறதா, காலுக்கு ரத்தம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வேண்டும், பாரம் படாமல் செருப்போ கட்டோ போட வேண்டும். 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு, எங்கே உணர்வு இருக்கிறது, எங்கே இல்லை என்று குறிப்பார்கள். சர்க்கரைப் புண்ணில் சிவப்பு ஒளி உதவுகிறது என்று சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. அவையும் இத்தனை கவனிப்போடு சேர்த்துக் கொடுத்தவை. வீட்டில் பலகை முன் காலை நீட்டி உட்கார்ந்தால் நடப்பது வேறு. பத்து நாள் பார்க்கலாம், ஒரு மாசம் பார்க்கலாம் என்று நாள் ஓடிவிடும். எனக்கு விளக்கின் மேல் இருக்கும் பயத்தைவிட அந்த நாள் ஓடுவதன் மேல் இருக்கும் பயம்தான் பெரிது.

சர்க்கரை இறங்கும் என்று சொன்னதற்கும் ஒரு மூலம் இருக்கிறது. லண்டனில் 2024-இல் வந்த ஆய்வு ஒன்றில், முதுகில் 15 நிமிஷம் 670 நானோமீட்டர் ஒளி காட்டிய பிறகு குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்தார்கள். ஒளி பட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறியது 27.7 சதவீதம் குறைவாக இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 30 பேர், எல்லோரும் சர்க்கரை நோய் இல்லாதவர்கள், ஒளி காட்டியது ஒரே ஒரு தடவை. இதை நம்பி அப்பா ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக்கூடாது.

தங்கையின் முடி பற்றி. 2007-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு லேசர் சீப்பை பரம்பரை வழுக்கைக்கு விற்க அனுமதித்தது, முதலில் ஆண்களுக்கு. மாதக்கணக்கில் விடாமல் செய்தால் ஓரளவு முடி அடர்த்தியாகிறது. ஆனால் இருபது வயதுப் பெண்ணுக்குக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் முதலில் ரத்தத்தில் இரும்புச் சத்து, தைராய்டு பாருங்கள். அந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு பலகையின் விலையில் ஒரு துளி.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிட்டப்பார்வையைத் தடுக்க என்று சீனாவில் குழந்தைகளைச் சிவப்பு ஒளிக் கருவிக்குள் பார்க்க வைத்தார்கள். பலன் தெரிந்தது, ஆனால் 12 வயதுப் பெண் ஒருத்திக்கு விழித்திரையே பாதிக்கப்பட்டது 2023-இல் மருத்துவ இதழில் வெளியானது. கண் விஷயத்தில் வீட்டு வைத்தியம் வேண்டாம். புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்தில் காட்டவும் கூடாது. இதில் ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல ஆசை. புற்றுநோய்க்காகத் தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சோ, எலும்பு மஜ்ஜை மாற்றமோ செய்துகொள்பவர்களில் பலருக்கு வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாமல் போகும். அந்தப் புண் வராமல் தடுக்க, அளவறிந்து வாய்க்குள் இந்த ஒளியைக் கொடுக்கலாம் என்று சர்வதேச வழிகாட்டுதல்களே பரிந்துரைக்கின்றன. இந்தச் சிகிச்சைக்கு இருப்பதிலேயே உறுதியான ஆதாரம் அங்கேதான். அப்படிப்பட்ட ஒன்றை மண்டபத்தில் எல்லா நோய்க்கும் என்று கூவி விற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

நம்மைப் போன்ற மாநிறமும் கறுப்புமான தோலில் மெலனின் அதிகம். அது ஒளியை மேலேயே பிடித்துக்கொள்ளும், தோல் சீக்கிரம் சூடாகும். வெள்ளைத் தோலுக்குச் சொன்ன நிமிஷக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் குறைத்துத் தொடங்க வேண்டும். அதுவும் வேலூர் சித்திரை வெயிலில், மின்விசிறி சுடுகாற்றை வீசும் அறையில்.

ஆக, 28,000 ரூபாய்க்கு அந்தப் பலகை வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே போய்த் திருப்பிக் கேளுங்கள், ரசீதில் கம்பெனி விலாசம் இருக்கிறதா என்று பாருங்கள். பிற்பாடு அம்மாவுக்கு கிளினிக்கில் லேசர் நன்றாகப் பலன் தந்து, வீட்டிலும் ஒன்று இருந்தால் தேவலை என்று தோன்றினால், அப்போது என்னிடம் கேளுங்கள். முட்டிக்குக் கட்டிக்கொள்ளும் சின்னக் கருவி போதும்.

இன்று ராத்திரி அப்பா படுத்த பிறகு ஒரு டார்ச்சும் முகம் பார்க்கும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு பாதத்தைப் பாருங்கள். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள், கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில் முக்கியமாக. புண்ணைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா, ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்று உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். நாற்றம், சிவப்பு, சூடு, காய்ச்சல் இதில் ஒன்று இருந்தாலும் காலைவரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். இல்லை என்றால் நாளை காலை முதல் பஸ்ஸில் மருத்துவரிடம் காட்ட வேலூருக்கு வாருங்கள். அப்பா தினமும் போடும் அந்தப் பழைய செருப்பைக் கழுவாமல் அப்படியே பையில் போட்டு எடுத்து வாருங்கள். உள்ளே எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டும்.